விளக்கு வைத்த பிறகு வந்த கேள்வி

அத்தியாயம் 6

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ் பாகாலாவைத் தாண்டும்வரை நான் மூன்று ஜோக் சொன்னேன். மூன்றுக்கும் யசோதா மேடம் சிரிக்கவில்லை.

மேடம் சிரிக்காததற்குக் காரணம் அவர் மடியில் இருந்த காகிதம். சாதாரண ரூல் போட்ட நோட்டுக் காகிதம்தான். ஒரு குங்குமப் பொட்டலத்தோடு மடித்து, திருப்பதியில் மஞ்சு தங்கியிருந்த மூன்றாவது ஹாஸ்டலின் கதவுக்கடியில் செருகியிருந்தார்கள்.

'இந்த ரூம்ல ஜன்னல் சரியில்ல மஞ்சு. வர்ற வெள்ளிக்கிழமை நானே வந்து நல்ல இடத்துக்குக் கூட்டிக்கினு போறேன்.'

இன்று வெள்ளிக்கிழமை.

இருபத்திரண்டு வயது மஞ்சு இரண்டு மாதத்தில் மூன்று ஹாஸ்டல் மாறிவிட்டாள். மாறிய இரண்டாம் நாள் பொட்டலம் வந்துவிடும். போன திங்கட்கிழமை எங்கள் ஆபீசுக்கு வந்து அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மேடம் அன்றைக்கே அவளை நாராயணவனத்தில் ஒரு சத்திரத்தில் கொண்டுபோய் வைத்தார். அந்த இடம் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பெற்றவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை.

மேடம் இருபது வருஷம் சித்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவர். செல்போன் வந்து அந்த வேலையே இளைத்துப்போனதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறிய வந்துவிட்டார். நான் கமலக்கண்ணன். அவருடைய உதவியாளன். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்னை 'லிமிடெட்' ஆக்கி வைத்திருக்கிறார். ஒரு சீட்டாட்டம் ஏற்றவேண்டும் என்றால்கூட அவர் பாஸ்வேர்ட் அடிக்கவேண்டும்.

"மேடம், முப்பத்திரண்டு வயசுல நான் எங்கேயும் லிமிடெட் இல்ல. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான்" என்றேன். அது நான்காவது ஜோக்.

"பேசாம வா கண்ணா. ஹாஸ்டல் மாறும்போதெல்லாம் மஞ்சு புது அட்ரஸை யார்கிட்ட சொன்னா?"

"எஸ்.டி.டி. பூத்துல இருந்து அவ நைனாவுக்கு. வேற யாருக்கும் இல்லையாம்."

"நைனா யார்கிட்ட சொன்னார்? அதைத்தான் இன்னிக்குப் பார்க்கணும்."

*

சித்தூரில் மஞ்சுவின் அப்பா வேதாச்சலத்தின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். பவர்லூம் சத்தம் தெரு முனைக்கே வந்துவிடுகிறது. நகரியில் எட்டுத் தறி ஓட்டியவர். மகள் படிப்புக்காக இங்கே வந்து, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு இரண்டு தறி ஓட்டுகிறார். எங்களைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். திடீரென்று வந்த அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

"எம் பொண்ணு எங்க இருக்குறான்னு என்கிட்டயாவது சொல்லக் கூடாதாம்மா?" என்றார் வேதாச்சலம். கண் சிவந்திருந்தது. "அவ ஆத்தா நாலு நாளா சோறு துன்னல."

"சாயந்திரம் சொல்றேன்யா. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. ஹாஸ்டல் அட்ரஸை நீங்க யாருக்காவது சொன்னீங்களா?"

"எவங்கிட்டயும் சொல்லல. சிங்கப்பூர்ல இருக்குற எம் புள்ள ரங்கனுக்கு மட்டும் மெயில் அடிச்சேன். கூடப் பொறந்தவன்மா அவன்."

மேடம் மெல்லத் திரும்பி கூடத்து மூலையைப் பார்த்தார். கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம், மேலே சொந்தத் தறியில் நெய்த உறை, பக்கத்தில் குத்துவிளக்கு. ரங்கன் சிங்கப்பூர் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது.

ஆன் செய்ததும் திரையில் மூன்று பெயர்கள் வந்தன. நைனா, அம்மா, மஞ்சு. ஒவ்வொன்றையும் மேடம் திறந்து பார்த்தார். மூன்றுக்குக் கீழேயும் ஒரே பதவிதான் போட்டிருந்தது: கம்ப்யூட்டர் அட்மினிஸ்ட்ரேட்டர்.

"மூணு பேரும் அட்மினிஸ்ட்ரேட்டரா? ரங்கன் படிச்ச பையனாச்சே, இப்படியா வச்சிட்டுப் போனான்?"

வேதாச்சலம் கொஞ்சம் நெளிந்தார். "அவன் வேற மாதிரிதாம்மா வச்சான். அவனுக்கு ஒரு பேரு, பாஸ்வேர்ட் போட்டு. எம் பேருக்குக் கீழ லிமிடெட்டுன்னு எழுதிட்டான். எட்டுத் தறி ஓட்டுன ஆளும்மா நானு. எம் வூட்ல, எம் புள்ள, என்னை லிமிடெட்டுன்னு போட்டா நாலு பேரு பாத்தா என்னா நினைப்பான்? மூணு நாளு அவன்கிட்ட நான் பேசவே இல்ல. லீவு முடிஞ்சி போற அன்னிக்கு மாத்திக் குடுத்துட்டான்."

சமையலறை வாசலில் இருந்து அவர் மனைவி சந்திரம்மா சொன்னார்: "நான்கூட கேட்டேன். இவரு பெரிய ஆளுன்னா நான் மட்டும் என்னா கொறச்சலா? எனக்கும் போடுன்னேன்."

எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. என் கட்சி.

மேடத்துக்குக் கோபம் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "ஐயா, பீரோ சாவி வீட்ல ஒருத்தர் இடுப்புலதானே இருக்கும்? தினம் காபி குடிக்கிறதுக்கு பீரோவைத் திறந்து வச்சுக்கினா உக்காருவீங்க? இதுவும் அதுதான். புதுசா எதையாவது ஏத்தணும்னாதான் பெரிய பேர்ல உள்ள போகணும். வேலை முடிஞ்சதும் பூட்டிட்டு வெளிய வந்துடணும். மெயில் பார்க்க, லெட்டர் அடிக்க சின்னப் பேர் போதும். சின்னப் பேர்ல இருக்கும்போது திருட்டு புரோகிராம் ஏற வந்தா, பெரிய சாவி இல்லாம உள்ள வரமுடியாது. சரி, சமீபத்துல இதுல என்ன ஏத்துனீங்க?"

"பஞ்சாங்கம்" என்றார் சந்திரம்மா. "சி.டி. ஒண்ணு கொரியர்ல வந்துச்சு. மேல ரங்கன் பேரு போட்டுருந்துச்சு. நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் சொல்லுது. ரொம்ப நல்லா இருக்குதுன்னு மஞ்சுவுக்கும் குடுத்தனுப்பினேன்."

என் முதுகில் ஒரு துளி வியர்வை இறங்கியது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

மேடம் அது ஏறிய தேதியைப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு இருபது. "ஏத்தும்போது ஏதாவது கேட்டுதா?"

"கேட்டுச்சுமா. எஸ்ஸா, நோவான்னு கேட்டுச்சு. இவரு நோ போடலாம், ரங்கனைக் கேட்டுக்கலாம்னாரு. நான்தான் வுடல. வெள்ளிக்கிழம, விளக்கு வச்சாச்சு. அதுக்கப்புறம் எங்க வூட்ல எவரும் இல்லைன்னு சொல்லமாட்டோம். அரிசி தீந்துட்டாகூட நெறைஞ்சிக்கினு இருக்குதுன்னுதான் சொல்லணும். எஸ்ஸே தட்டுங்கன்னேன்."

"கொரியர் எத்தனை மணிக்கு வந்தது?"

"அப்பத்தான். விளக்கு வச்சி முடிச்சேன், மணி அடிச்சான்."

மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அனுப்பினவனுக்கு இந்த வீட்டு வழக்கம் தெரிஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் இங்கே யாரும் 'நோ' தட்டமாட்டாங்கன்னு தெரிஞ்சு நேரம் பார்த்து அனுப்பியிருக்கான். இந்த வழக்கத்தைக் கண்ணால பார்த்த வெளியாள் யார்?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொண்ணு பாக்க வந்தாங்க ஒரு வெள்ளிக்கிழம" என்றார் வேதாச்சலம். "பேரு பாபு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. மஞ்சு உள்ள வந்து எனக்கு வேணாம் நைனான்னுச்சு. இவ, விளக்கு வச்ச நேரத்துல வேணாம் கீணாம்னு சொல்லாதன்னு வாயைப் பொத்திட்டா. விளக்கு வச்சப்புறம் இல்லைன்னு சொல்லமாட்டோம், நாளைக்கு சொல்றோம்னு அவங்களுக்கும் சொன்னோம். சனிக்கிழம போன் பண்ணி, இல்லீங்கன்னு சொல்லிட்டேன். ஆனா அந்தப் புள்ள இல்லம்மா. அவன் மறுமாசமே அமெரிக்கா போயிட்டான். மாப்பிள்ளையா வரலன்னாலும் மரியாத வுடாத பையன். வாராவாரம் எனக்கு மெயில் போடுறான், பாக்குறியா?"

ஒற்றை விரலால் தட்டித் தன் மெயிலைத் திறந்தார். வரிசையாக எட்டு மெயில்கள். எல்லாம் ஒரே மாதிரி. 'மாமா, இன்று வெள்ளிக்கிழமை. காலையில் குளித்து, நியூஜெர்சி கோயிலுக்குப் போய்விட்டு வந்து உடனே எழுதுகிறேன். மஞ்சு நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.'

மேடம் மெயில் வந்த நேரத்தை மட்டும் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஒன்பது, ஒன்பது ஐந்து, எட்டு ஐம்பது.

"இருபது வருஷம் நியூயார்க் கால் போட்டுக் குடுத்தவ நான்" என்றார் மெதுவாக. "நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுன்னா, அங்கே இன்னும் வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரை. எந்தக் கோயிலுக்குப் போய்ட்டு வந்தான் இவன்?"

பாபு அமெரிக்கா போகவே இல்லை. இரண்டு மாதமாக இங்கேதான், ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொண்டு, பஞ்சாங்கத்துக்குள் ஒளித்து அனுப்பிய திருட்டு புரோகிராம் வழியாக, வேதாச்சலம் ஒற்றை விரலால் தட்டியதை எல்லாம் ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தான்.

"நல்லவேளை" என்று மேடம் பெருமூச்சு விட்டார். "நாராயணவனம்ங்கிற பேரை யாரும் இதுல தட்டலை."

இப்போது சொல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது.

"மேடம், அந்தப் பஞ்சாங்கம் சி.டி.யை மஞ்சு நம்ம ஆபீஸ்ல குடுத்துட்டுப் போச்சு."

"தெரியும். கவர்ல போட்டு வச்சோம்."

"நான் கவர்லேர்ந்து எடுத்தேன். எனக்கு எப்போ கல்யாணம் ஆகும்னு பார்க்கலாம்னு. புதன்கிழமை என் பேர்ல போட்டேன், உள்ளேயே விடலை. நேத்து மத்தியானம் நீங்க பிரிண்டர் ஏத்தறதுக்கு பெரிய பேர்ல உக்காந்திருந்தீங்க. நடுவுல யாரோ கூப்பிட்டாங்கன்னு கீழே போயிட்டீங்க. மூடாமலே போயிட்டீங்க. அப்போ போட்டேன். எஸ்ஸா நோவான்னு கேட்டுச்சு."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "அப்புறம்?"

"சாயந்திரம் கேஸ் ரிப்போர்ட் அடிச்சேன். சத்திரம் பேரு, ரூம் நம்பர் எல்லாம். என் லிமிடெட் பேர்லதான் அடிச்சேன் மேடம்."

"பெரிய பேர்ல ஏறினது எல்லார் பேரையும் எட்டிப் பார்க்கும் கண்ணா. அதுக்கப்புறம் இன்டர்நெட் போட்டியா?"

"காலைல எட்டு மணிக்கு. ஸ்கோர் பார்க்க."

என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் திட்டவில்லை. "அஞ்சு நிமிஷம்தானேன்னு நான் மூடாம போனேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சந்திரம்மா ஒன்றும் புரியாமல், ஆனால் எல்லாம் புரிந்தவர்போல, தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மணி பத்தரை. மேடத்துக்கு எல்லா எண்ணும் மனப்பாடம். நாராயணவனம் சத்திரத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. புத்தூர் போலீஸுக்குப் போட்டார். "மேடம், ஸ்டாஃப் அந்தரூ கொண்ட மீதே உன்னாரு" என்றார்கள். பிரம்மோற்சவ பந்தோபஸ்துக்கு எல்லாரும் திருமலைக்குப் போய்விட்டார்கள். ஒரு கான்ஸ்டபிள் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவாராம். திருப்பதியிலிருந்து நாராயணவனத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பாபு எட்டு மணிக்கே படித்திருந்தால் இந்நேரம் அந்தச் சத்திரத்து வாசலில் நின்றுகொண்டிருப்பான்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை மெயில் வந்துதா ஐயா?"

"இல்லம்மா. இன்னிக்கு வரல."

வராததற்கு இரண்டு அர்த்தம் இருந்தது. இன்னும் மெஷின் முன்னால் அவன் உட்காரவில்லை, எங்கள் ஆபீசிலிருந்து போனதையும் படிக்கவில்லை. அல்லது படித்துவிட்டு, மெயில் எழுத நேரமில்லாமல் பஸ் ஏறிவிட்டான்.

மேடம் இன்டர்நெட் போட்டார். மோடம் கீச்சிட்டது, அறுந்தது. மறுபடி கீச்சிட்டது, அறுந்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. நாங்கள் நான்கு பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பத்து நாற்பதுக்குப் புது மெயில் வந்து விழுந்தது.

'மாமா, இன்று கொஞ்சம் தாமதம். இப்போதுதான் கோயிலிலிருந்து வந்தேன். மஞ்சுவை இன்று சாமி நல்ல இடத்துக்குக் கூட்டிப் போவார்.'

சந்திரம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்.

"அங்கே இப்போ ராத்திரி ஒரு மணி" என்றேன். "அந்நேரத்துக்கு தரிசனம் நம்ம திருமலையிலதான் நடக்கும், மேடம்."

"வாயை மூடு. இந்த நிமிஷம் அவன் ஒரு மெஷின் முன்னால உட்கார்ந்துக்கினு இருக்கான். எழுந்து போறதுக்குள்ள இங்கே தட்டறது அவனுக்குப் போகணும். ஐயா, நீங்க தட்டுங்க. உங்க கையால, உங்க மாதிரியே."

வேதாச்சலம் உட்கார்ந்தார். எட்டுத் தறியில் அறுந்த இழையை இருட்டிலும் முடிபோட்ட அந்த விரல், எழுத்துக்கு எழுத்து தடவித் தடவிப் போனது. மேடம் சொல்லச் சொல்ல அடித்தார்: 'ரங்கா, மஞ்சுவுக்கு நாராயணவனத்தில் பயமாக இருக்கிறதாம். காலையிலேயே அங்கிருந்து கிளம்பிவிட்டது. பாகாலா வந்து நாலரை மணி பாசஞ்சர் ஏறி காட்பாடி போகுது. தனியாத்தான் போகுது. மாம்பழக் கலர் சேலை.'

அனுப்பிவிட்டு அவர் கையை எடுக்கவில்லை. விசைப்பலகை மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"போயிருக்குமாம்மா?"

"போயிருக்கணும்" என்றார் மேடம். அவருக்கும் தெரியவில்லை.

*

பாகாலா ஜங்ஷனில் நாலே கால்.

மேடம் சந்திரம்மாவின் மாம்பழக் கலர் சேலையை முக்காடு போட்டுக்கொண்டு பிளாட்பாரக் கோடி பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ரயில்வே போலீஸ் இரண்டு பேர் லுங்கியில், மூட்டை சுமப்பவர்கள் மாதிரி. நான் டீக்கடைக்குப் பின்னால். புத்தூர் கான்ஸ்டபிள் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று இதுவரை தகவல் இல்லை. அவன் இங்கே வரவில்லை என்றால் அங்கே போயிருக்கிறான் என்று அர்த்தம். அப்படி நடந்தால் அதற்கு நான் மட்டும்தான் காரணம். எனக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதுதான் காரணம்.

பாசஞ்சர் வந்தது. கூட்டம் இறங்கியது, ஏறியது. பெஞ்சுப் பக்கம் யாரும் போகவில்லை. கார்டு பச்சைக் கொடி காட்டினார். வண்டி நகர்ந்தது.

கடைசிப் பெட்டி போன பிறகு, எதிர்ப்பக்கத்திலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி ஒருவன் வந்தான். இஸ்திரி கலையாத கட்டம் போட்ட சட்டை, தோளில் பை, நெற்றியில் குங்குமம். பார்த்தால் பெண் கொடுக்கலாம் என்று தோன்றும் முகம். பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்று, குனிந்து, மிருதுவாகக் கேட்டான்:

"ரயிலை வுட்டுட்டியே மஞ்சு. ஜன்னல் சீட்டு கெடைக்கலையா?"

அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

மேடம் முக்காட்டை எடுத்துத் திரும்பினார். "வா தம்பி. நியூஜெர்சி எப்படி இருக்கு?"

அவன் ஓடவில்லை. லுங்கிக்காரர்கள் இரண்டு கையையும் பிடித்தபோதும் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "விசா இல்லைன்னுட்டாங்க" என்றான், ஏதோ நியாயம் கேட்பவனைப்போல. "அதுக்கு முன்னாடி அவ இல்லைன்னா. ஒரு மனுசங்கிட்ட எத்தினி தடவ இல்லைன்னு சொல்வீங்க?"

பையில் ஒரு மஞ்சள் தாலிக்கயிறு, ஒரு அட்டை தூக்க மாத்திரை, பெங்களூருக்கு இரண்டு பஸ் டிக்கெட்.

*

சத்திரத்தில் பத்திரமாக இருந்த மஞ்சுவைப் புத்தூர் கான்ஸ்டபிள் ஜீப்பில் சித்தூருக்குக் கொண்டுவந்து விடும்போது மணி ஆறரை. அவள் நேரே போய் நைனாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வேதாச்சலம் அவள் தலையில் கை வைத்து அழுதார். அழுது முடித்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மேடத்தைக் கூப்பிட்டார்.

"எனக்கு லிமிடெட்டே போட்டுடும்மா. அந்தப் பெரிய சாவி மஞ்சு இடுப்புல இருக்கட்டும்."

"எனக்கும்தான்" என்றார் சந்திரம்மா, விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே.

"நான் ஏற்கெனவே லிமிடெட்தான்" என்றேன். "வாங்க, சங்கம் வைக்கலாம்." அன்றைக்கு முதல்முறையாக மேடம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சி.டி. போலீஸிடம் போய்விட்டது. ரங்கன் அடுத்த வாரம் வந்து மெஷினைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக ஏற்றப்போகிறான். அதுவரை பஞ்சாங்கத்தையாவது எடுத்துவிடலாம் என்று மேடம் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு மஞ்சுவை உட்கார வைத்தார். மஞ்சு நீக்கச் சொன்னதும் அது சும்மா போகவில்லை. திரை நடுவில் ஒரு பெட்டியைத் திறந்தது.

"என்னா கேக்குது?" என்றார் சந்திரம்மா.

"என்னை இங்கயே வச்சிக்கிறீங்களான்னு கேக்குதும்மா. எஸ்ஸா, நோவான்னு."

மஞ்சுவின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது. குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை. நாங்கள் எல்லாரும் சந்திரம்மாவைப் பார்த்தோம். அவர் விளக்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு வந்து மஞ்சுவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு உன் வாயைப் பொத்தினேனே" என்றார். "இப்ப சொல்லு. இல்லைன்னு தட்டு."